கீரை வேண்டாத பிள்ளைகள்

சாப்பிட்ட தட்டைக் கழுவப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் அடிபம்பைச் சுற்றி அன்றைக்குத் தரையெல்லாம் பச்சையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். காலையில் நானும் சமையல்காரம்மாவும் உட்கார்ந்து ஆய்ந்து, மண் போக அலசி, பருப்போடு வேகவைத்த கீரை. சோற்றில் ஒரு பருக்கையைக்கூட யாரும் வீணாக்கியிருக்கவில்லை. சாம்பாரையும் வழித்துத்தான் சாப்பிட்டிருந்தார்கள். கீரையை மட்டும் விரலால் பொறுக்கியெடுத்துப் பம்படியில் உதறிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் சமையல்காரம்மா.

அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எது நடந்தாலும் அப்படிச் சொல்வது அவர் வழக்கம்.

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகும் பாதையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே உள்ளே நடக்க வேண்டிய ஊர் அது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியம் சோறு போடுவதென்று அரசாங்கம் முடிவெடுத்து, ஊர் ஊராகச் சத்துணவுக்கூடம் திறந்திருந்த புதிது. அமைப்பாளர் வேலைக்குக் கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பத்தாம் வகுப்பு தேறியிருந்தேன். தாராசுரத்தில் அப்பா வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவளுக்கு இந்த வேலை வந்ததும், ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளிக்கூடம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு அதில் அடுப்பு. தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். சமையல்காரம்மா ஊருக்குள்ளேயே இருப்பவர், பாத்திரம் கழுவ ஒரு உதவியாளரும் உண்டு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களின் தெருக்கள், அந்தப் பக்கம் அவர்கள் வயலில் வேலை செய்பவர்களின் தெரு. பள்ளிக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தாலும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மணி அடித்ததும் வீட்டுக்குச் சாப்பிட ஓடிவிடுவார்கள். எங்கள் சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

கீரை போடச் சொன்னது கிராம நர்ஸ். சைக்கிளில் வருவார். பிள்ளைகளின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"முக்காவாசிப் பேருக்கு வாய் ஓரத்துல புண்ணு. உள் இமை சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. என்ன போடுறீங்க?"

"சோறு, பருப்பு சாம்பார். காய் கெடச்சா காய்."

"சோறும் சாம்பாரும் பசிக்குச் சரி. ரத்தத்துக்குக் கீரை வேணும். தினம் இல்லன்னாலும் ரெண்டு நாளைக்கு ஒருதடவ போடுங்க."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தாராசுரத்தில் எங்கள் தெருவில் தறிச்சத்தம் தொடங்குவதற்கு முன்பே கீரைக்காரம்மாவின் குரல் வந்துவிடும். அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து, தண்டு முற்றியிருக்கிறது என்று சண்டை போட்டு வாங்குவாள். வெங்காய வடகம் தாளித்த கீரை மசியல் இருந்தால் அப்பா இன்னொரு கை சோறு போட்டுக்கொள்வார். கீரை பிடிக்காதவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை. இந்த ஊரில் கீரை விற்க யாரும் வரவில்லை, வரத் தேவையும் இல்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பண்ணைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் தானாக மண்டிக் கிடந்தன. சமையல்காரம்மாவும் நானும் காலையில் போய் ஒரு கூடை பறித்துவந்தோம். அதுதான் பம்படியில் கிடந்த கீரை.

அடுத்தமுறை பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். அதையும் பொறுக்கினார்கள். அதற்கடுத்த முறை கடைந்து போட்டேன். பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு பிள்ளையின் அம்மா வந்தாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பக்கத்துப் பெண்ணின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அம்மா அரைநாள் நடவை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. மகளின் தட்டைக் குனிந்து எடுத்தாள், முகர்ந்து பார்த்தாள், வெளியே போய்த் தரையில் கவிழ்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இதத் திங்கவா எம்புள்ள பள்ளிக்கொடம் வருது?"

"கீரைதாங்க. உடம்புக்கு நல்லது," என்றேன்.

"கீரை எங்களுக்குத் தெரியாதா? நீங்க எந்த ஊரு?"

"தாராசுரம்."

"அதான். அரசாங்கம் அரிசிச்சோறு போடுதுன்னுதான் அனுப்புறோம். வரப்புல புடுங்குனதத் திங்க வைக்கறதுக்கு இல்ல. அதெல்லாம் நாங்க நெறையாத் தின்னாச்சு."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் யாரும் தட்டில் கைவைக்கவில்லை. சமையல்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தலைமையாசிரியர் வகுப்பறை வாசலில் நின்றார். பயந்த சுபாவம் கொண்ட நல்ல மனிதர் அவர். பணி ஓய்வுக்குக் கொஞ்சகாலம்தான் இருந்தது.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

நான் வருவதற்கு முந்தின வருஷம் அறுவடைக் கூலி கேட்டு அந்தத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறது. நிலக்காரர்கள் இறங்கிவரவில்லை. வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து கதிரை அறுத்தார்கள். தடுக்கப் போனவர்களைப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. இந்தப் பெண்ணின் அப்பாவும் அதில் ஒருவர். மளிகைக்கடையில் கடன் கொடுக்கக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தெருவில் மாதக்கணக்கில் அடுப்பில் அரிசி ஏறவில்லை. வாய்க்கால் கரையில் பறித்த கீரையும் வயல் நத்தையும்தான். உப்புப் போட்டு வேகவைத்துக் காலையில் அதுவே, மாலையிலும் அதுவே. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து கூலி கொஞ்சம் ஏறியது. ஆனால் முன்னால் நின்ற குடும்பங்களை உள்ளூரில் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவர்கள் தூரத்து ஊர்களுக்கு நடவுக்குப் போய்வருகிறார்கள்.

"கீரைன்னா அந்தப் புள்ளைங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு நெனச்சுப் பாருங்க," என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க," என்றார்.

பிறகு கீரை போடவில்லை. மற்றப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வரவில்லை. ஒருநாள் போகட்டும் என்று விட்டேன். அடுத்த நாளும் வரவில்லை. வாரம் திரும்பியும் வராததால், அம்மா வேலையிலிருந்து வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, பொழுது சாயும் நேரத்தில் வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

வீட்டு வாசலில் மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. என்னால் ஊசிகூடக் கோக்க முடிந்திருக்கும். இவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே போய் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பினாள், ஆனால் நான் நின்ற பக்கமாக இல்லை.

"யாரு? சோத்து டீச்சரா?"

அம்மா உள்ளே இருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. இருந்தாலும், "உக்காருங்க," என்று பாயை எடுத்துப் போட்டாள். மகளைப் பார்த்து, "எந்திரிச்சு உள்ள போ பாப்பா," என்றாள். அந்தப் பெண் எழுந்தாள். இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, நிலைப்படியைக் காலால் துழாவித் தேடித் தாண்டினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அது பயந்துருக்கு," என்றாள். "போலீசு வந்தாங்கள்ல, விளக்கு வைக்கற நேரம். அவங்க அப்பாவ இழுத்துட்டுப் போனப்ப இது கூடவே ஓடுச்சு. எவனோ தள்ளிவிட்டதுல வாசல்ல விழுந்துட்டு. அதுலேர்ந்து பொழுது சாஞ்சா இப்படித்தான். கூத்தாநல்லூரு பள்ளிவாசல்ல தண்ணி ஓதி வாங்கிக் குடுத்தேன். பூசாரிகிட்ட மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். கொஞ்சம் கொஞ்சமா தெளியும்னாங்க."

"பகல்ல நல்லாத் தெரியுதா?"

"பகல்ல ஒண்ணும் இல்ல. வெளிச்சம் கொறையறப்பதான் பயம் வருது."

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் இப்படித்தான், மாலையில் தறியில் போட நூல் சுற்றிய தாரை எடுக்கத் தடவுவார். அதற்கு என்னவோ பெயர் சொல்வார்கள். "நாளைக்கு நர்சம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நர்ஸ் அதே நேரத்துக்கு வந்தார். அந்தப் பெண்ணை வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்தி, கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். வெள்ளை விழியில் ஓரமாகச் சோப்பு நுரை ஒட்டியதுபோல ஒரு சின்னத் திட்டு இருந்தது. எனக்கும் காட்டினார், அம்மாவுக்கும் காட்டினார்.

"இது பயம் இல்ல. மாலைக்கண். உடம்புல ஒரு சத்து அடியோட வத்திப்போச்சு. இப்படியே விட்டா கண்ணே போயிடும். நல்லவேள, இப்பவே பாத்தோம்."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, சின்னக் கரண்டியில் ஊற்றிப் பெண்ணின் வாயில் விட்டார். நாளைக்கும் வந்து தருகிறேன், பிறகு ஒருதடவை தருகிறேன், சரியாகிவிடும் என்றார். அம்மா அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவனுங்களால வந்தது இல்லையா?" என்று கேட்டாள்.

நர்ஸ் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார்.

"மாசக்கணக்கா புள்ளைக்கு ஒழுங்கா சோறு இல்லாமப் போச்சுல்ல. அதுலேர்ந்து வந்தது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குள் இருட்டிவிட்டதால் அழுதாளா என்று தெரியவில்லை. கோபமாகத்தான் பேசினாள்.

"கீரைல சத்துங்கறீங்க. அப்ப அத மட்டுந்தானே தின்னுச்சு. அதுக்கு எப்புடிக் கண்ணு போகும்?"

அது எனக்கும் புரியாமல்தான் இருந்தது. நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். கீரையில் இருக்கும் கண்ணுக்கான சத்து, எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்றால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். கூடவே வயிற்றுப்போக்கும் இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

"இருந்துச்சு," என்றாள் அம்மா. "ரொம்ப நாளு இருந்துச்சு. எண்ணெய்க்கு எங்க போவோம் நாங்க? தலைக்கு வைக்கவே இல்ல."

உள்ளேயிருந்து அந்தப் பெண், "நர்சம்மா, இது இனிப்பா இருந்துச்சு," என்றாள்.

மருந்து வேலை செய்தது. சில நாட்களில் அவள் பள்ளிக்கு வந்தாள். மழை மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம், யாருடைய பாவாடையையும் பிடிக்காமல் தனியாக வாய்க்கால் மதகைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். ஆனால் மருந்து கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, சாப்பாட்டில் அந்தச் சத்து தொடர்ந்து வரவேண்டும், இல்லையென்றால் இன்னொரு பிள்ளைக்கு வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். எதைப் போட்டால் பிள்ளைகள் சாப்பிடும்?

"வரப்புக் கீரைய அதுங்க கண்ணுலயே காட்டாதீங்க. பாத்தாலே வயித்தப் பொரட்டும்," என்றாள். யோசித்துவிட்டு, "முருங்க போடலாம்," என்றாள். "எங்க தெருவுல முருங்க மரம் கெடையாது. போன பொயல்ல இருந்தது எல்லாம் முறிஞ்சுபோச்சு. அதனால அப்ப அதத் திங்கல. அதுமேல அதுங்களுக்கு வெறுப்பு இல்ல."

நர்ஸிடம் சொன்னபோது முருங்கை எல்லாவற்றையும்விட நல்லது என்றார். ஆனால் தினம் அவ்வளவு பிள்ளைகளுக்குப் போட எங்கே போவது? பள்ளிக்கூடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. காட்டாமணக்கு முளைத்திருந்தது. முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் வேலிபோல வரிசையாக மரம் வந்துவிடும்.

தலைமையாசிரியர் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அத மட்டும் தொடாதீங்க. அது மிராசுதாரோட அனுபவத்துல இருக்குங்கறார். அந்தத் தெருக்காரங்க புறம்போக்குங்கறாங்க. போன வருஷமே அதுல அவங்க சங்கக் கொடி நடப்போறோம்னு ஒரு சண்டை."

மிராசுதாரைப் பார்க்க அவருடைய ரைஸ்மில்லுக்குப் போனேன். வெள்ளைச் சட்டையில் தவிடு படிந்திருந்தது. அவரே மூட்டை எண்ணிக்கொண்டு நின்றார். என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"கீரைக்குத்தானேம்மா? எங்க தோப்புலயே ரெண்டு மரம் இருக்கு. ஆளு அனுப்புங்க, பறிச்சுக்கட்டும்."

"அது ஒருநாளைக்குக்கூடப் பத்தாதுங்க ஐயா. அந்த இடத்துல நட்டுக்கறோம். பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"இன்னிக்கு நீங்க முருங்க நடுவீங்க. நாளைக்கு அதுல அவன் கொடி ஏத்துவான். அதுக்கு மறுநாள் குடிசை. இந்தப் பக்கம் எத்தன இடம் இப்படிப் போயிருக்கு தெரியுமா உங்களுக்கு?" அவர் குரல் உயரவில்லை. "அந்தப் புள்ளைங்க மேல எனக்கு என்னம்மா கோவம்? இருந்தாலும் நான் சரின்னு சொல்லமாட்டேன்."

வேண்டாம் என்றும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். அது அவ்வளவு சரியான நினைப்பு இல்லை. ஆனால் அந்த வாரமே நட்டோம். அந்த அம்மா எங்கிருந்தோ ஒரு கட்டுப் போத்து வெட்டிக்கொண்டு வந்தாள். தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். சமையல்காரம்மாவின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். அவர் கொட்டகையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினார். போத்து மேல்நுனியில் சாணி உருண்டை வைக்கவேண்டும் என்று இவரும் அந்தப் பெண்களும் சேர்ந்து சத்தம்போட்டுப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

துளிர் விட ஆரம்பித்த நேரத்தில், ஒரு காலையில் பார்த்தால் போத்து அத்தனையும் பிடுங்கி வாய்க்காலில் எறியப்பட்டிருந்தது. யார் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிராசுதார் ஆட்கள் என்று அந்தத் தெருவில் சொன்னார்கள். பழியைப் போட அவர்களே பிடுங்கிக்கொண்டார்கள் என்று இந்தப் பக்கம் சொன்னார்கள். பள்ளி தொடங்குவதற்குள் அந்தத் தெருவிலிருந்து ஆண்கள் ஒரு கூட்டமாக மூங்கிலும் கொடியுமாக வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சாலையில் நின்றார்கள். பிள்ளைகள் பையோடு நடுவில். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மா வேலைக்குப் புறப்பட்டவள், பாதியில் திரும்பி வந்தாள். மூங்கில் பிடித்திருந்தவர்களில் அவள் கணவரும் இருந்தார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது, ஜாமீனில் வெளியே வந்திருந்தார்.

"அத வச்சுட்டுப் போங்க," என்றாள்.

"இது மரத்துக்கான சண்டை இல்லடி. எடத்துக்கான சண்டை."

"எடத்துக்குச் சண்டை போட ஊரு பூரா எடம் கெடக்கு. இங்க போலீசு வந்தா புள்ளைங்க முன்னாடிதான் அடிப்பான். அதப் பாத்த புள்ள நம்ம வீட்டுல ஒண்ணு போதும்."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். மிதந்த போத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட ஆரம்பித்தாள். பிறகு அவள் கணவர் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். சாலையில் நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தண்ணீரிலேயே கிடந்ததால் போத்துகள் வாடவில்லை. திரும்பவும் நட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை நிலக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி நடந்தபோது தலைமையாசிரியர் ஒருநாள் விடுப்பு எடுத்தார். எங்கே போகிறார் என்று யாருக்கும் சொல்லவில்லை. மாலையில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். தாசில்தார் முன்னால் நின்று, பள்ளியை ஒட்டிய அந்தத் துண்டு யாருடையது என்று கேட்டிருக்கிறார். பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு, தனியார் யாருக்கும் பட்டா இல்லை. கட்டடம் கட்டாதவரை பள்ளி மரம் வைத்துக்கொள்ளலாம் என்று தாசில்தார் சொல்லிவிட்டாராம்.

"மிராசுதாரும் அங்கதான் ஒக்காந்திருந்தார்," என்றார். "என்னப் பாத்து, 'சாருக்கு எப்ப இவ்ளோ தைரியம் வந்துச்சு?'ன்னார். நான் ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிவந்துட்டேன்."

முருங்கை அடுத்த சம்பா நடவுக்குள் தழைத்துவிட்டது. இலை பறிக்க ஆரம்பித்ததும் முதல்நாள் சமையலுக்கு அம்மாக்களையும் வரச்சொன்னேன். பிள்ளைகள் தட்டில் விழுவதை அவர்களே சமைத்து, அவர்களே ருசிபார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். இலையை உருவி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்து, அரசாங்கம் கொடுத்த எண்ணெயில் அன்றைய பங்கு முழுவதையும் ஊற்றி வதக்கினோம். அந்த அம்மா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்," என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் அன்றிலிருந்து கீரை தின்றார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் தின்றார்கள். சிலர் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டார்கள். வாய்ப்புண் மெல்லக் குறைந்தது. சாம்பாரில் போட்டால் ஒதுக்கியவர்கள், அரிசிமாவில் பிசைந்து அடையாகத் தட்டினால் இரண்டாவது கேட்டார்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது மாற்றிப் பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அடை நாளில் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். தூணுக்கு அந்தப்புறம் தனியாக உட்கார்ந்தார்கள். சேர்ந்து உட்காரச் சொல்லி நான் பேசிய நாட்களும் உண்டு, பேசாமல் பரிமாறிய நாட்களும் உண்டு. அது மாற இன்னும் வருஷங்கள் ஆயின, முழுவதும் மாறியதா என்று தெரியாது.

சில வருஷத்தில் ஆட்சி மாறியது, சத்துணவில் முட்டை வந்தது. முருங்கைக்கீரையோடு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிய நாளில் கீரையை ஒதுக்கியவர்கள் யாரும் இல்லை. கிளறியது அந்த அம்மாதான். முட்டை வருவதற்கு முன்பே, எங்கள் உதவியாளர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள். ஊர் வயலுக்கு அவளைக் கூப்பிடாதவர்களால் இதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் தினம் தகராறு. மாதக் கடைசிக்கு மிச்சம் வைக்கவேண்டும் என்பேன் நான். மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கண் வேண்டாமா என்பாள் அவள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அவளுடைய மகள் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனாள். பஸ் சாலையில் இறங்கி வயல் நடுவே நடந்து வர வேண்டும், மார்கழியில் அதற்குள் மங்கிவிடும். மார்கழி பிறந்த முதல் வாரம் அம்மா வேலை முடிந்து சாலைவரை போய் நின்றாள். பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரத்திலும் என்னோடு கொட்டகையில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். போகவில்லையா என்று கேட்டேன்.

"வர வேணாம்னுட்டா," என்றாள். "அவளுக்கு வழி தெரியுமாம்."